கொடைக்கானலில் வெளிநாட்டவருக்கு அநியாயம் நடந்தால்: போலீஸா, நுகர்வோர் ஆணையமா, ஐகோர்ட்டா?

வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துபவர், பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டு ஆசிரியரோடு வேலை பார்ப்பவர், டால்பின் நோஸுக்கு ஆள் கூட்டிப்போகும் கைடு என்று யாராக இருந்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். "வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் என்னை இப்படி நடத்துகிறார்கள். நான் யாரிடம் போவது?" கேட்பவருக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. நாம் சொல்வதைத்தான் நம்புவார். நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வோம்: "போலீஸில் சொல்லுங்க", இல்லாவிட்டால் "விடுங்க, எதுக்கு வம்பு". இரண்டுக்கும் நடுவில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எந்த வழி எப்போது பலிக்கும், எது வெறும் அலைச்சல் என்று இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலை வாசஸ்தலமானதே 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து பங்களா கட்டிய பிறகுதான். இஸ்ரேலியப் பயணிகள் அதிகம் வந்து தங்குவதால் வட்டக்கானலுக்குச் 'சின்ன இஸ்ரேல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஊருக்கும் வெளிநாட்டவருக்கும் உறவு பெரும்பாலும் சுமுகமாகவே போகிறது. ஆனால் சீசன் நெரிசலில், குடி வெறியில், வாடகைத் தகராறில் அந்தச் சுமுகம் ஒரே நாளில் கலைந்துவிடும்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

கசப்பானதை முதலில் சொல்லிவிடலாம். தனியார் ஒருவர் "நீ வெளிநாட்டுக்காரன், உனக்கு இடமில்லை" என்று சொல்வதை நேரடியாகத் தடுக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை.

அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 21ஆவது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான பாதுகாப்பையும் 'எந்த நபருக்கும்' தருகின்றன. அங்கே பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான். கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்வது அதன் இரண்டாம் உட்பிரிவு. தனியார் கடைக்காரரையும் கட்டுப்படுத்தும் அபூர்வமான விதி அது.

இதன் விளைவைப் பாருங்கள். ஏரிச் சாலையில் ஒரு கஃபே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிப்பூர்ப் பையன் ஒருவனும் கொரியப் பையன் ஒருவனும் சேர்ந்து வருகிறார்கள். "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இங்கே இடமில்லை" என்று இருவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதே வாசல், அதே வார்த்தை, அதே அவமானம்தான். இருந்தும் மணிப்பூர்ப் பையன் 15ஆவது பிரிவைக் கையில் எடுக்கலாம், கொரியப் பையனால் முடியாது.

இங்கிலாந்தில் இது நடந்திருந்தால் வழக்கு எளிது. அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம் என்பதற்குள் தேசிய அடையாளத்தையும் சேர்த்து, சேவை தர மறுப்பதைத் தடை செய்கிறது. நமக்குப் பாடம் அதைவிட ஜப்பானில்தான் அதிகம், ஏனென்றால் அங்கேயும் நம்மைப் போலவே தனிச்சட்டம் இல்லை. ஒதாரு என்ற துறைமுக ஊரில் ஒரு பொதுக் குளியல் விடுதி வெளிநாட்டவரை உள்ளே விட மறுத்தது. மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கியிருந்தவர். 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தனிச்சட்டம் இல்லாத நிலையில் உரிமையியல் சட்டத்தின் பொதுவான தீங்குப் பொறுப்பை வைத்தே நீதிமன்றம் அங்கே போய்ச் சேர்ந்தது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையும் தீர்ப்பில் கைகொடுத்தது.

அந்த உடன்படிக்கையில் ஜப்பான் சேர்ந்தது 1995இல்தான். இந்தியா 1968இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதோருக்கும் அரசு வைக்கும் வேறுபாட்டுக்கு இது பொருந்தாது என்று உடன்படிக்கையின் முதல் பிரிவே விலக்கு தந்திருக்கிறது. தனிநபர் புகார்களை ஐ.நா. குழு விசாரிக்க இந்தியா ஒப்புதலும் தரவில்லை. ஆகவே ஜெனீவாவில் இருக்கும் அந்தக் குழுவுக்கு எழுதிப் பயனில்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் ஒரு துணைவாதமாக வைக்கலாம், அவ்வளவுதான். 1997இல், வேலையிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் சட்டம் இல்லாத இடத்தை ஐ.நா. உடன்படிக்கையைக் கொண்டு உச்ச நீதிமன்றம் நிரப்பியதே, அந்த முன்மாதிரி நமக்கும் இருக்கிறது. பாகுபாட்டுக்கு எதிராகப் பொதுச்சட்டம் வேண்டும் என்று சசி தரூர் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அது காலாவதியாகிவிட்டது.

சட்டம் மட்டும் வந்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே சமத்துவச் சட்டம் வந்தது, அதற்கென்று சமத்துவ நீதிமன்றங்களும் வந்தன. அப்படியும் 2008 மே மாதக் கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் வேறு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சரி, நம் மலைக்கு வருவோம். தனிச்சட்டம் இல்லாததால் "இது இனவெறிதானா?" என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூன்றே விஷயங்களைக் கேட்டால் போதும். செய்தது அரசு ஊழியரா, தனியாரா? பணம் கொடுத்தோ தருவதாகச் சொல்லியோ ஒப்பந்தம் ஏற்பட்டதா? விசா முடிய எத்தனை நாள் இருக்கிறது? போகவேண்டிய வழியைப் பெரும்பாலும் இந்த மூன்றுமே காட்டிவிடும்.

ரூம் இல்லை என்றால்: நுகர்வோர் ஆணையம்

மலையில் அதிகம் நடப்பது இதுதான். ஆன்லைனில் புக் செய்து வந்து நிற்பார்கள். ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "ஃபாரினர்னா ரூம் இல்லை சார்" என்பார்கள். கேட்டால் 'சி ஃபாரம்' என்று ஒரு காரணம் வரும்.

வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இந்த ஃபாரத்தில், ஆன்லைனில், அரசுக்குத் தகவல் தர வேண்டும். ஹோட்டலுக்கும் ஹோம்ஸ்டேக்கும் இது ஒன்றுதான். பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் 'இன்னின்ன ஹோட்டல்தான் வெளிநாட்டவரை ஏற்கலாம்' என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசுத் தளத்தில் கணக்கு இல்லாத ஹோட்டல்காரர் இணையத்தில் பதிந்து ஒன்று தொடங்கிக்கொள்ளலாம். ஆக, சி ஃபாரம் ஒரு வேலைதானே தவிர, ஆளைத் திருப்பி அனுப்ப அனுமதி இல்லை.

உண்மையான காரணம் பல இடங்களில் வெறுப்பே அல்ல, பயம். உரிமம் இல்லாத கட்டடங்களுக்கு ஐகோர்ட் உத்தரவின்பேரில் சீல் வைத்த ஊர் இது. அனுமதி இல்லாமல் ஹோம்ஸ்டே நடத்துபவர் அரசுத் தளத்தில் தன் முகவரியைப் பதிய விரும்பமாட்டார். வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பனியில் பையோடு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே என் வாக்கு நுகர்வோர் ஆணையத்துக்கே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 குடியுரிமை பார்ப்பதில்லை. பணம் கொடுத்தவர், அல்லது தருவதாக ஒப்புக்கொண்டவர், நுகர்வோர். 'ஹோட்டலில் வந்து கட்டிக்கொள்ளலாம்' என்று புக் செய்திருந்தாலும் கணக்கில் வரும். உறுதிசெய்த அறையைத் தராதது சேவைக் குறைபாடு. ஏன் தரவில்லை, மனதில் வெறுப்பு இருந்ததா என்றெல்லாம் நிரூபிக்கவே வேண்டாம். இந்த வழியின் பலம் அதுதான்.

கொடைக்கானலில் நடந்தது என்றால் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்துக்கும், குன்னூர், கோத்தகிரியில் நடந்தது என்றால் ஊட்டியில் உள்ள ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராகக் கேட்கலாம். ஊருக்குத் திரும்பிவிட்ட ஒருவருக்கு இதைவிடத் தோதான மன்றம் இல்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும், நடப்பில் அதைவிட இழுக்கும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பார்க்கலாம். புக்கிங் தளத்திடமிருந்து பணம் திரும்பி வருவதற்காவது அது உதவும்.

பலவீனமும் இருக்கிறது. புக் செய்யாமல் நேரே வந்து கேட்டு, இல்லை என்று அனுப்பப்பட்டவருக்கு இந்த வழி கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் நுகர்வோர் எங்கிருந்து வருவார்? அதனால் வெளிநாட்டு நண்பர்களிடம் நான் சொல்வது: சீசனில் ரூம் கிடைக்குமோ கிடைக்காதோ, புக்கிங்கை எழுத்தில் வாங்கிக்கொண்டே மலை ஏறுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணம் வேறுபட்டாலே பாகுபாடு ஆகிவிடாது. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று அரசே டிக்கெட் போட்டிருக்கிறது. தகுந்த காரணத்தோடு வகைப்படுத்துவதை 14ஆவது பிரிவு தடுப்பதில்லை. ஆனால் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு வெள்ளைக்காரரிடம் மட்டும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது நேரடிச் சட்டமீறல்.

கை வைத்தால், பின்தொடர்ந்தால்: போலீஸ்

அடி, மிரட்டல், பெண்ணிடம் அத்துமீறல் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, போலீஸ்தான். 112க்கு அழைக்கலாம். சுற்றுலா அமைச்சகத்தின் 1363 எண்ணில் பல வெளிநாட்டு மொழிகளில் பேச ஆள் உண்டு. மொழி தெரியாதவருக்கு முதல் பத்து நிமிடத்தில் அது பெரிய துணை.

குற்றவியல் சட்டம் பாதிக்கப்பட்டவரின் நாட்டைப் பார்ப்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75, 78, 79 ஆகிய பிரிவுகள் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்வது, பாலியல் சீண்டல், பின்தொடர்தல், ஆபாசச் சொல் அல்லது சைகை ஆகியவற்றைப் பிடிக்கின்றன. பொது இடங்களில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1998 முதல் தமிழ்நாட்டுக்கென்றே தனிச்சட்டமும் உண்டு. "ஒரு செல்ஃபிதானே மேடம்" என்று ஆரம்பித்து வழியை மறித்து நிற்கும் கும்பலுக்கு இவையெல்லாம் தாராளமாகப் போதும்.

வெறும் வசைதான் சிக்கல். ஒருவரைப் பார்த்து நிறத்தையோ நாட்டையோ சொல்லித் திட்டினால் பெரும்பாலும் வேண்டுமென்றே அவமதிப்பதற்கான 352ஆவது பிரிவுதான் வரும். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை அது. எல்லாரும் சட்டென்று சொல்லும் 196ஆவது பிரிவு வேறு. பிரிவினருக்கிடையே பகை மூட்டுவதற்கான பிரிவு அது, மூன்று ஆண்டு வரை சிறை. 'இன்ன நாட்டுக்காரனுக்கு வீடு கொடுக்காதே, அடித்து விரட்டு' என்று போஸ்டர் ஒட்டினாலோ வாட்ஸ்அப் குழுவில் பரப்பினாலோ அங்கே பொருந்தும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்த வாய்ச்சண்டைக்குப் பொருந்தாது. நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதியும் வேண்டும். மனுவில் 196 என்று எழுதியே தீருவேன் என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய பிரிவைக் கேட்டு வாங்குவதைவிட நிரூபிக்கக்கூடிய பிரிவில் நிற்பது மேல்.

வெறுப்பின் காரணத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்கும் இடம் ஒன்று நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொடுங்காயம் செய்தால் 117(4) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. கொலை என்றால் 103(2) பிரிவில் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. தேசிய அடையாளம் என்று தனியாகச் சொல்லவில்லை, ஆனால் 'இதுபோன்ற வேறு காரணம்' என்ற சொற்கள் அங்கே இருக்கின்றன.

நடைமுறைக்கு வருவோம். மனு கொடுத்தால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கிப் பதிந்ததற்கான சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வரக்கூடாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், அவர்கள் உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

போலீஸ் வழியில் வெளிநாட்டவருக்கு மட்டும் உள்ள ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மனுவை வாங்கும் முன் பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவைப் பார்ப்பதும் எஸ்.பி. அலுவலகம்தான். விசா காலம் தாண்டித் தங்கியிருந்தால் 2025இன் வெளிநாட்டவர் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையோ மூன்று லட்சம் வரை அபராதமோ வரலாம். புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளியாக வெளியே வருவார். அப்படிப்பட்டவர் ஸ்டேஷனுக்கு முன் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

செய்தது அரசு ஊழியர் என்றால்

மனித உரிமை ஆணையத்தைப் பற்றி ஊரில் ஒரு பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. எல்லா அநியாயத்துக்கும் அங்கே போகலாம் என்று நினைக்கிறார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பார்ப்பது அரசு ஊழியரின் மீறலையும், மீறலைத் தடுப்பதில் அவர் காட்டிய அலட்சியத்தையும் மட்டுமே. ஹோட்டல்காரர் மீது அங்கே புகார் செல்லாது. ஆனால் அந்த ஹோட்டல்காரர் மீது கொடுத்த மனுவை 'வெளிநாட்டுக்காரனுக்கு என்ன பெரிய கம்ப்ளெயிண்ட்' என்று ஸ்டேஷனில் தூக்கிப் போட்டிருந்தால், அந்த அலட்சியம் ஆணையத்துக்கு உரியது. சி.எஸ்.ஆர். ரசீதின் அருமை அப்போது தெரியும்.

செலவு தபால் தலை மட்டும்தான். ஓராண்டுக்குள் போக வேண்டும். சென்னையில் இருக்கும் மாநில ஆணையம் பரிந்துரைதான் செய்யும், அதற்குப் பல் இல்லை என்று ரொம்ப நாளாகக் குறை இருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அந்தப் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு இந்த வழியின் மதிப்பு என் கண்ணில் நன்றாகவே கூடியிருக்கிறது.

ஐகோர்ட்? கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம், ஆகவே மதுரைக் கிளை. நீலகிரிக்கு மதுரை இல்லை, சென்னைதான். கூடலூரில் இருப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

வெளிநாட்டவருக்கு ரிட் வழக்கில், அதாவது அடிப்படை உரிமைக்காக நேரே ஐகோர்ட்டில் போடும் வழக்கில், எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். வங்கதேசத்திலிருந்து வந்த பெண் ஒருவர் ஹவுராவில் ரயில்வே ஊழியர்கள் உள்ளிட்டோரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வழக்குப் போட்டது அவர்கூட அல்ல, கொல்கத்தா வக்கீல் சந்திரிமா தாஸ். 21ஆவது பிரிவு வெளிநாட்டவருக்கும் உண்டு என்று சொல்லி, ரயில்வே 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதை 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மறுபக்கம், 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜிய மிஷனரி லூயி டி ரேட்டை வெளியேறச் சொன்னபோது, இங்கேயே தங்கும் உரிமை வெளிநாட்டவருக்கு இல்லை என்று 1991இல் அதே நீதிமன்றம் கைவிரித்தது. வெளியேற்றும் விஷயத்தில் அரசுக்கு மிகப் பரந்த அதிகாரம் உண்டு என்பது 1955இன் ஹான்ஸ் முல்லர் வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். ஆக, உடலுக்கும் உயிருக்கும் தீங்கு என்றால் ஐகோர்ட் பலமான கதவு. விசாவை நீட்டிக்கவில்லை, பாரபட்சம் என்று போனால் நம்பிக்கை குறைவு.

புதிதாக ஒரு சந்து திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, 19, 21 ஆகிய பிரிவுகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது. பேச்சு முதலான சுதந்திரங்களைத் தரும் 19 குடிமக்களுக்கானது, 21 எல்லாருக்கும். அப்படியானால் மேலே சொன்ன கொரியப் பையன் கஃபேக்கு எதிராக 21ஆவது பிரிவில், கண்ணியத்தோடு வாழும் உரிமை என்று கேட்க முடியுமா? கேட்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் பத்து நாள் சுற்றுலா வந்தவரை அந்தச் சோதனைக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. இங்கேயே வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர், பின்னால் நிற்க ஓர் அமைப்பும் உள்ளவர் என்றால் துணிந்து போடலாம்.

வாடகை, சம்பளம், தூதரகம்

வாடகைக்கு வீடு தர மறுப்பதைத் தடுக்க வழி ஏறக்குறைய இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் பாகுபாட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே 2005இல் சொல்லியிருக்கிறது. ஆனால் குடிவந்த பிறகு கதை வேறு. காலி செய்ய வைக்கத் தண்ணீரையோ கரண்ட்டையோ துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து உடனே திரும்பப் பெறலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் இதுவும் தடுமாறும்.

சம்பள பாக்கி, ஒப்பந்த மீறல் என்றால் சாதாரண சிவில் வழக்கு. நட்பு நாட்டவர் குடிமகனைப் போலவே வழக்குத் தொடரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 83ஆவது பிரிவு சொல்கிறது. தூதரகம் வக்கீல் பட்டியல் தரும், கைதானால் வந்து பார்க்கும், உங்களுக்காக வழக்காடாது. வட்டக்கானல் இஸ்ரேலியருக்கு அருகிலுள்ள துணைத் தூதரகம் பெங்களூரில் இருக்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவைத்தான் யாரும் நினைப்பதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச சட்ட உதவியைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை. பெண் என்றால் வருமான வரம்பும் கிடையாது, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும். 15100க்கு அழைத்தால் போதும், இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே கேட்கலாம். டாக்ஸித் தகராறு, அட்வான்ஸ் பணம், கடை வாசலில் நடந்த அவமதிப்பு மாதிரி விஷயங்களில் எதிராளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் தெரிந்த மலையில் அது வழக்கைவிட வேகமாக வேலை செய்கிறது. லோக் அதாலத்தில் முடித்தால் மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன் விளக்கிவிடுங்கள்.

வெளிநாட்டவர் என்று நினைக்கப்படுபவர்கள்

மலையில் 'வெளியாள்' என்று ஒதுக்கப்படுபவர்களில் பாதிப் பேர் சட்டப்படி வெளிநாட்டவரே அல்ல. குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் வேலைக்கு வந்த அசாம், ஜார்கண்ட்காரர்கள் இந்தியர்கள். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கினார்கள், இன்றைய டேன்டீ அதுதான். அந்தக் குடும்பங்களைப் பேரன் பேத்தி காலத்திலும் 'சிலோன்காரங்க' என்று சொல்லும் வாய்கள் கூடலூர்ப் பக்கம் இன்னும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் 15ஆவது பிரிவு முழுதாக உண்டு. வெளிநாட்டவருக்கான வழியில் இவர்களை அனுப்புவது, இருக்கும் உரிமையையும் நாமே பிடுங்குவதாகும்.

இலங்கை அகதிகள் நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சட்டப்படி வெளிநாட்டவர், பேச்சிலும் உறவிலும் நம்மவர். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2025இன் வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு தந்திருக்கிறார்கள். அதனால் போலீஸுக்குப் போகும் பயம் முன்பைவிடக் குறைய வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்றால் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி பிறப்பாலேயே குடிமகன், முகாமில் பிறந்திருந்தாலும் சரி. ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியருக்கும் இதே கணக்குதான். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் வழக்கைப் பற்றிப் பேசலாம்.

பத்து நாளில் விமானம் என்றால்

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இந்த நிலையில்தான் வரும். வரிசை இப்படி இருக்கட்டும். அன்றைக்கே போலீஸ் மனு, சி.எஸ்.ஆர். ரசீது. காயம் என்றால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு. புக்கிங் உறுதி, குறுஞ்செய்தி, வாசலில் பேசியவரின் பெயர், உடனிருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். வழக்கு கடுமையானது என்றால் ஊரைவிட்டுப் போகும் முன் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதிவு செய்யப் போலீஸிடம் வற்புறுத்த வேண்டும். பின்னால் சாட்சியம் சொல்ல வர முடியாவிட்டால் காணொலியில் கேட்க, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530ஆவது பிரிவு இடம் தருகிறது. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது, அவசரமில்லை.

வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்தை மட்டும் இங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டால் அங்கே நோட்டரி, அதற்குமேல் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்டில் முத்திரை, பிறகு கூரியர் என்று அது தனி வழக்காகிவிடும்.